காலி ஸ்லாட்டில் ஓர் எதிரொலி

பினாங்கின் கொம்தாரில் கணினிக் கடைகள் வரிசை வரிசையாக இருந்த காலம். 2000ஆம் ஆண்டாக இருக்கும். பழைய சாமான் விற்கும் கடையொன்றில் இரண்டு செயலிகளைப் பொருத்தக்கூடிய மதர்போர்டு கண்ணில் பட்டது. ஏதோ ஓர் அலுவலகத்தின் சர்வரிலிருந்து கழற்றியது. அந்தக் காலத்துப் பென்டியம் 2 செயலி இன்றுபோல் சதுர வில்லையாக இருக்காது. கறுப்புப் பெட்டிக்குள் அடைத்த அட்டையாக, பழைய வீடியோ கேம் கேசட்டைப் போல ஸ்லாட்டில் நிமிர்ந்து நிற்கும். இந்தப் போர்டில் அப்படி இரண்டு ஸ்லாட்டுகள். என் கையில் இருந்த காசுக்கு ஒரு செயலிதான் கட்டுப்படியானது. இன்னொன்றை அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று டத்தோ கிராமாட் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

மூன்று இரவு. திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. நினைவக அட்டையை மாற்றினேன், மின்வழங்கியை மாற்றினேன், செயலியைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினேன். நான்காம் நாள் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் ஒரே பார்வையில் சிரித்துவிட்டார். "ரெண்டாவது ஸ்லாட்ட சும்மா விடக்கூடாது தம்பி" என்று மேசை இழுப்பறையைக் கிளறி, பச்சை அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் செயலி இல்லை, நினைவகம் இல்லை. பொட்டுப் பொட்டாகச் சில மின்தடைகள், அவ்வளவுதான். காலி ஸ்லாட்டில் அதைச் செருகியதும் கணினி உயிர்பெற்றது. அஞ்சு வெள்ளி வாங்கிக்கொண்டார்.

ஒன்றுமே செய்யாத ஓர் அட்டை இல்லாததால் முழு இயந்திரமும் படுத்துக்கிடந்தது ஏன்? இந்த அத்தியாயத்துக்கான விஷயம் அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தொடங்கியது.

செப்புக் கம்பியில் மின்சாரச் சமிக்ஞை போவதை நாம் 'உடனே' என்று நினைத்துக்கொள்கிறோம். மதர்போர்டின் செப்புத் தடத்தில் அது ஒரு நானோ வினாடிக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான் ஓடும். ஓடிப் போய் தடத்தின் முனையைத் தொட்டதும் என்ன ஆகும்? அங்கே அதை உள்வாங்க ஏதும் இல்லாவிட்டால், வந்த வழியே திரும்பும். வேகமாக ஓடும் குழாய்த் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் சுவருக்குள் 'டங்' என்று ஓர் அடி கேட்குமே, கிட்டத்தட்ட அதேதான். திரும்பி வரும் அலை, அடுத்துப் புறப்பட்ட அலைமீது மோதும். கேட்டுக்கொண்டிருக்கும் சில்லுக்கு 1 எது, 0 எது என்று புரியாது. 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 10 நானோ வினாடி. அதற்குள் எதிரொலி அடங்கியாக வேண்டும். முனையில் தடத்தின் குணத்துக்கு ஒத்த ஒரு மின்தடையை வைத்தால் அலை அதற்குள் போய்ச் சூடாகக் கரைந்துவிடும். பென்டியம் 2 அட்டைக்குள் அந்த மின்தடைகள் ஏற்கெனவே இருந்தன. செயலி இல்லாத ஸ்லாட்டிலோ தடம் அந்தரத்தில் நின்றது. என் கணினி மூன்று இரவும் தன் குரலின் எதிரொலியைக் கேட்டு மிரண்டு கிடந்தது.

கணக்குப் போடுவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பல செயலிக் கணினியின் வன்பொருளில் தலைவலி பெரும்பாலும் செயலிகளுக்கு உள்ளே இருப்பதில்லை, நடுவில் இருக்கிறது. ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுவது, யார் முதலில் பேசுவது, பேசியதை மற்றவர் நம்பலாமா. வடிவமைப்பாளரின் தூக்கத்தைக் கெடுப்பவை இவைதான்.

*

செயலிகளையும் நினைவகத்தையும் இணைக்கும் பொதுக் கம்பிக் கூட்டத்தைத் தொழில்நுட்பர்கள் 'பஸ்' என்பார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'பாட்டை' என்கின்றன. பாட்டை என்றால் சாலை. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும், ஏனென்றால் எங்கள் சாலையில் வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பாடத்தை நேரிலேயே நடத்திக் காட்டுகிறார்கள்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் புறப்படும். 1894இல் வந்த ரதம் அது. டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலையை நோக்கிப் போகும். 2017 முதல் தங்க ரதமும் அதே நாளில் கிளம்புகிறது. இடையிடையே பந்தல்கள், அர்ச்சனைத் தட்டுகள், சாலையில் மலைபோல் குவித்த தேங்காய்கள். ரதம் ஒவ்வொரு இடத்திலும் நிற்கும். நிற்கும் நேரம் முழுக்கச் சாலை அதற்குத்தான் சொந்தம். பின்னால் வரும் இன்னொரு ரதம் எவ்வளவு அவசரமாக இருந்தாலும், எத்தனை பேர் இழுத்தாலும், முன்னது நகர்ந்தால்தான் நகரும்.

ஒற்றைப் பாட்டையில் நான்கு செயலிகளைக் கட்டினாலும் இதுதான் கதை. 1995இல் வந்த பென்டியம் ப்ரோ, கூடுதல் இணைப்புச் சில்லுகள் இல்லாமலே நான்கு செயலிகளை ஒரே பாட்டையில் கோக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அன்றைக்கு அது பெரிய விஷயம். அந்தப் பாட்டை ஒரே நேரத்தில் 64 பிட் சுமக்கும், வினாடிக்கு 6.6 கோடி முறைக்கு மேல் துடிக்கும். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 53 கோடி பைட் வரும். ஒரு செயலிக்கு அது தாராளம். நால்வர் பங்குபோட்டால் ஆளுக்கு 13 கோடி. ஐந்தாவது, ஆறாவது ஆள் வந்தால் சாலை தேங்காய் உடைக்கும் நேரத்து டத்தோ கிராமாட்தான்.

'பாட்டையின் வேகத்தைக் கூட்டினால் என்ன?' என்று கேட்கலாம். இங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. பாட்டையில் தொங்கும் ஒவ்வொரு செயலியும் அந்தக் கம்பிகளுக்கு ஒரு சுமை. சுமை கூடக் கூடச் சமிக்ஞையின் விளிம்பு மழுங்கும், எதிரொலிகள் பெருகும், வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். ஆள் கூடினால் சாலையில் நெரிசல் மட்டும் கூடுவதில்லை, சாலையே குறுகிவிடுகிறது. என் பச்சை அட்டை இந்தப் பெரிய வியாதிக்கு ஒரு சின்ன மருந்து.

*

பாட்டை நெரிசலுக்குச் செயலிகள் கண்டுபிடித்த வழி, சாலைக்கே வராமல் இருப்பது. அடிக்கடி தேவைப்படும் தரவை ஒவ்வொரு செயலியும் தன் பக்கத்திலேயே ஒரு சிறிய, வேகமான நினைவகத்தில் பிரதியெடுத்து வைத்துக்கொள்கிறது. அதுதான் கேஷ். பத்தில் ஒன்பது முறைக்கும் மேல் தேடியது அங்கேயே கிடைத்துவிட்டால் பாட்டை காற்று வாங்கும். ஒரே செயலி இருந்தவரை இதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

இரண்டாவது வந்ததும் வந்தது வினை. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 கணக்குப் புத்தகத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மளிகைக் கடையில் கடன் எழுதும், சட்டைப் பைக்குள் அடங்கும் குட்டி நோட்டு. கடையை அண்ணன் தம்பி இருவர் பார்க்கிறார்கள், ஒரே கணக்கின் ஒவ்வொரு பிரதி இருவரிடமும் இருக்கிறது என்று வையுங்கள். காலையில் அண்ணன் தன் நோட்டில் '40 வெள்ளி பாக்கி' என்பதை அடித்து 60 என்று எழுதுகிறார். மாலையில் வாடிக்கையாளர் தம்பியிடம் வருகிறார். தம்பியின் நோட்டு இன்னும் 40 என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் கடைக்கு 20 வெள்ளி நட்டம்.

இதைத் தீர்க்க வன்பொருளுக்குள் ஓர் ஒழுங்கு வேண்டும். 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் பாப்பாமார்கோஸும் ஜனக் படேலும் வெளியிட்ட முறை இன்றுவரை பல வேடங்களில் உயிரோடிருக்கிறது. கேஷில் உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கில் ஒரு நிலை. என்னிடம் மட்டுமே இருக்கிறது, நான் திருத்திவிட்டேன். என்னிடம் மட்டுமே இருக்கிறது, இன்னும் திருத்தவில்லை. பலரிடமும் இருக்கிறது, படிக்கலாம். செல்லாது, கிழித்துப் போட்டதாக நினைத்துக்கொள். அண்ணன் எழுதும்முன் பாட்டையில் குரல் கொடுப்பார்: இந்தப் பக்கத்தை நான் திருத்தப் போகிறேன். தம்பி காதில் வாங்கித் தன் பிரதியைச் செல்லாததாக்கிவிடுவார். அடுத்து அவருக்குத் தேவைப்படும்போது புதிதாகக் கேட்டு வாங்கவேண்டும். அண்ணனின் கேஷ் அந்தக் கேள்வியையும் கேட்டு, திருத்திய பக்கத்தைத் தரும். எல்லாச் செயலிகளும் எந்நேரமும் பாட்டையில் காதை வைத்தே இருப்பதால் இதற்கு 'ஒட்டுக்கேட்டல்' என்றே பெயர். கௌரவமான பெயரில்லைதான், ஆனால் பொருத்தமானது.

இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. கேஷ் தனித்தனி எண்களாகப் பார்ப்பதில்லை, பக்கம் பக்கமாகத்தான் பார்க்கும். இன்றைய கணினிகள் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் 64 பைட். முனியம்மா கணக்கும் ஆ செங் கணக்கும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால், அண்ணன் முனியம்மாவைத் திருத்தும்போதெல்லாம் தம்பியின் ஆ செங் கணக்கும் செல்லாததாகும். இருவரும் ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடவே இல்லை, ஆனாலும் பக்கம் இருவருக்கும் நடுவே பந்துபோல் பறந்துகொண்டிருக்கும். நிரலில் ஒரு பிழையும் இல்லாமலே இயந்திரம் பல மடங்கு மெதுவாகும். இதற்குப் 'போலிப் பகிர்வு' என்று பெயர். நிரல் எழுதுகிறவர்கள் வன்பொருள் நமக்கெதற்கு என்று இருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேஷ் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அண்ணனும் தம்பியும் ஒரே நொடியில் 40ஐப் படித்து, ஆளுக்குப் பத்தைக் கூட்டி, ஆளுக்கு 50 என்று எழுதினால் பத்து வெள்ளி காற்றில் போகும். படிப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றும் நடுவில் யாரும் புகமுடியாத ஒரே செயலாக நடக்கவேண்டும். பழைய இன்டெல் செயலிகள் இதற்காகப் பாட்டையையே பூட்டிவிடும், எல்லோரும் நிற்க வேண்டியதுதான். பென்டியம் ப்ரோ தலைமுறையிலிருந்து, பக்கம் தன் கேஷிலேயே இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு வேலையை முடிக்கின்றன. ஊரை மறிக்காமல் ஒரு வீட்டுக் கதவை மட்டும் சாத்துவதுபோல.

*

இரண்டாவது பென்டியத்தை அந்த வருட தீபாவளி போனஸில் வாங்கினேன். பச்சை அட்டையைக் கழற்றிவிட்டு அதைச் செருகினேன். என்னிடம் இருந்தது விண்டோஸ் 98. போட்டுப் பார்த்தால் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கை வைத்துப் பார்த்தேன்: ஒரு செயலி நல்ல சூடு, இன்னொன்று கிட்டத்தட்ட ஜில்லென்று இருந்தது.

இரண்டு செயலிகளுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் வருகிறது. இரண்டும் ஒரே தொடக்க நிரலை ஓட்ட ஆரம்பித்தால் குழப்பம்தான், ஒரே வட்டியக்கிக்கு இரண்டு முதலாளிகள். அதனால் மின்சாரம் வந்த கணத்திலேயே வன்பொருள் மட்டத்தில் ஒரு தேர்தல் நடக்கிறது. ஒன்று மூத்தது என்று முடிவாகும், தொடக்க நிரலை அது மட்டும் ஓட்டும். மற்றவை, அழைப்பு வரும்வரை உறங்கவேண்டும். எத்தனை செயலிகள் இருக்கின்றன, குறுக்கீடுகளைப் பங்கிடும் சில்லு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் தொடக்க நிரல் ஓர் அட்டவணையாக நினைவகத்தில் எழுதி வைக்கும். இன்டெல் 1994இல் இந்த அட்டவணையின் அமைப்பைப் பொது ஆவணமாகவே வெளியிட்டது. இயங்குதளம் அதைப் படித்து, உறங்குபவரை எழுப்பவேண்டும். விண்டோஸ் 98க்கு அப்படி எழுப்பத் தெரியாது. விண்டோஸ் என்டி, விண்டோஸ் 2000, லினக்ஸ் இவற்றுக்குத் தெரியும். லினக்ஸ் போட்டதும் இரண்டு செயலிகளும் சூடாகின. சூட்டைப் பார்த்து ஒருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

வேகம் இரட்டிப்பானதா என்றால், இல்லை. ஜீன் அம்டால் 1967லேயே இதற்கு ஒரு கணக்குச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு எப்படியும் ஒருவரே செய்யவேண்டியது என்றால், எட்டுச் செயலிகள் சேர்ந்தாலும் வேகம் 4.7 மடங்குதான். அறுபத்து நான்கு சேர்ந்தால் 8.8. எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் பத்தைத் தொடாது. செயலிகளை விற்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சத்தமாகச் சொல்வதில்லை.

*

ஒட்டுக்கேட்டல் எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்வரை நன்றாக நடக்கும். நூறு பேர் உள்ள மண்டபத்தில் ஒவ்வொருவரும் எழுதும்முன் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினால் யாரும் எதையும் எழுத முடியாது. பெரிய இயந்திரங்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு பதிவேட்டில் குறித்து வைப்பது, திருத்தும்போது அவர்களுக்கு மட்டும் சேதி அனுப்புவது. ஸ்டான்ஃபோர்டின் டாஷ் இயந்திரம் 1990களின் தொடக்கத்தில் இதை நடத்திக் காட்டியது. சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போன ஆனந்த் அகர்வாலும் இதே பதிவேட்டு முறைகளை ஆராய்ந்தவர். எம்ஐடியில் அவர் குழு கட்டிய இயந்திரம் அலிவைஃப். பின்னாளில் அவர் தொடங்கிய டிலேரா நிறுவனம் 2007இல் 64 செயலிகளை எட்டுக்கு எட்டுக் கட்டமாக ஒரே சில்லுக்குள் வைத்தது. ஒற்றைப் பாட்டை அங்கே இல்லை. ஒவ்வொரு செயலியும் பக்கத்து வீட்டோடு மட்டும் பேசும், சேதி கைமாறிக் கைமாறிப் போய்ச் சேரும்.

பாட்டை ஒழிந்தால் தூரம் முளைக்கிறது. 2003இல் ஏஎம்டி வெளியிட்ட ஆப்டெரான், நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியைச் செயலிக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு செயலிக்கும் சொந்த நினைவகம், செயலிகளுக்கு நடுவே நேரடி இணைப்பு. இன்டெல் 2008இல் நெஹாலெம் தலைமுறையோடு அதே வழிக்கு வந்தது. நெரிசல் தீர்ந்தது, ஆனால் எல்லா நினைவகமும் சமதூரம் என்ற பழைய சௌகரியம் போய்விட்டது. தன் நினைவகத்தைத் தொடுவது சௌராஸ்தா சந்தைக்கு நடந்து போய்வருவது என்றால், அடுத்த செயலியின் நினைவகத்தைத் தொடுவது ஃபெரி ஏறி பட்டர்வொர்த்தில் காய்கறி வாங்குவது. கிடைக்கும், ஆனால் ஒன்றரை மடங்கு நேரமாகும், சில இயந்திரங்களில் அதற்கும் மேலே. முதலில் எந்தச் செயலி ஒரு நினைவகப் பகுதியைத் தொடுகிறதோ அதன் அருகிலேயே இடம் ஒதுக்குவது என்று லினக்ஸ் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. எல்லாத் தரவையும் ஒரே செயலி தொடக்கத்தில் நிரப்பிவிட்டு மற்றவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தால், பாதிப் பேர் நாளெல்லாம் ஃபெரியில்தான் இருப்பார்கள்.

சில்லுகளின் கடிகார வேகம் இதற்குள் ஒரு சுவரில் முட்டிவிட்டது. பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. காரணம் வெப்பம். ஒரு செயலியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது தின்னும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். அப்படியானால் ஒன்றை முழு வேகத்தில் ஓட்டும் செலவில் இரண்டை எண்பது சத வேகத்தில் ஓட்டலாம். ஐபிஎம் 2001லேயே பவர் 4இல் இரட்டைச் செயலியை ஒரே சில்லில் வைத்திருந்தது. 2005இல் இன்டெலும் ஏஎம்டியும் அதைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன. நான் மூன்று இரவு போராடிய இரண்டு ஸ்லாட் சமாச்சாரம் முழுவதும் ஒரு விரல்நக அளவுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஒளிந்துகொண்டதே தவிர, தீரவில்லை. சில்லு பெரிதாகப் பெரிதாகக் கெட்டுப்போகும் வாய்ப்பும் பெருகும். 300 மில்லிமீட்டர் சிலிக்கான் தகட்டில் பத்து இடத்தில் பழுது என்று வையுங்கள். அதை இருபது பெரிய சில்லுகளாக வெட்டினால் பத்து வரை குப்பைக்குப் போகலாம். இருநூறு சிறியவையாக வெட்டினால் போவது அதே பத்துதான், மீதி நூற்றுத் தொண்ணூறு நல்லவை. ஆகவே சிறிதாக வெட்டி, நல்லதைப் பொறுக்கி, ஒன்றாகச் சேர்த்துவிடு. ஏஎம்டியின் எபிக் 2017இல் நான்கு துண்டுகளால் ஆனது. 2019இல் வந்த அடுத்த தலைமுறையில் கணிக்கும் துண்டுகள் எட்டு, நடுவே போக்குவரத்தைப் பார்க்கும் துண்டு ஒன்று, மொத்தம் 64 செயலிகள். வடிவமைப்பின் கடினமான கேள்வி, துண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து துண்டுகளை எப்படி ஒட்டுவது என்பதற்கு நகர்ந்தது.

ஒட்டுவது பினாங்குக்குப் பழைய தொழில்.

*

சுதந்திரத் துறைமுகம் என்ற தகுதியை இழந்து, வேலையில்லாமல் தவித்த பினாங்கின் முதலமைச்சராக 1969இல் லிம் சோங் யூ வந்தார். பாயான் லெப்பாஸ் வயற்காட்டில் சுதந்திர வாணிப வட்டாரம் எழுந்தது. 1972இல் இன்டெல் அங்கே வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் தொழிற்சாலை. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டுச் சாமுராய்கள்' என்று இங்கே இன்றும் சொல்வார்கள். சில்லை வடிப்பதும் வரைவதும் அங்கே, உறையில் பொதிந்து கால் வைத்துச் சோதிப்பது இங்கே. மூளை அவர்களுடையது, கை நம்முடையது என்று கொஞ்சம் இளக்காரமாகவே பேசப்பட்ட வேலை. பழைய பென்டியங்களைத் திருப்பிப் பார்த்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். அந்தக் கையெழுத்து மட்டும்தான் நமக்குக் கிடைத்த பங்கு என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் அத்தை அந்த வட்டாரத்தில் ஒரு ஃபேக்டரியில் இருபது வருடத்துக்குமேல் வேலை பார்த்தவர். விடியற்காலை ஃபேக்டரி பஸ் டத்தோ கிராமாட் சாலையோரம் வந்து நிற்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு முனையில் சில்லிலும் மறுமுனையில் உறையின் காலிலும் ஒட்டவேண்டும். "உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுடா. கம்பி நேரா ஒட்டியிருக்கா, அதான் எங்க கணக்கு" என்பார்.

கம்பி சில்லின் நான்கு ஓரங்களிலிருந்துதான் புறப்பட முடியும். ஆயிரக்கணக்கில் இணைப்பு தேவைப்படும் செயலிக்கு ஓரம் போதாது. அதனால் சில்லைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பரப்பு முழுவதும் ஈயக் குமிழ்களைப் பரப்பி, அப்படியே உருக்கி ஒட்டும் முறை வந்தது. இதில் ஈயம் என்பது வெள்ளீயம். முன்பு காரீயமும் கலந்திருந்தது. ஐரோப்பா 2006 ஜூலையில் அதைத் தடைசெய்த பிறகு உலகம் பரவலாக மாறிய கலவைகளில் ஒன்றில் 96.5 சதம் வெள்ளீயம், 3 சதம் வெள்ளி, அரைச் சதம் செம்பு.

குமிழ்கள் நெருங்கினால் இணைப்புகள் பெருகும், துண்டுகளுக்கு நடுவே பாட்டை அகலமாகும், ஒவ்வொரு பிட்டும் போகும் தூரம் குறையும், ஆகவே தின்னும் மின்சாரமும் குறையும். ஆனால் நெருக்கத்துக்கு ஒரு பகைவன் உண்டு. வெப்பத்தில் சிலிக்கான் கொஞ்சமாகத்தான் விரியும். அதன் அடியிலுள்ள பிளாஸ்டிக் கலந்த பலகை ஐந்தாறு மடங்கு அதிகம் விரியும். குமிழ் உறையும் 217 பாகையிலிருந்து அறை வெப்பத்துக்கு ஆறுவதற்குள், 20 மில்லிமீட்டர் சில்லுக்கும் பலகைக்கும் நடுவே ஏறக்குறைய 50 மைக்ரான் வித்தியாசம் விழுந்துவிடும். குமிழுக்குக் குமிழ் 36 மைக்ரான் இடைவெளியில் வைக்கவேண்டும் என்றால் பலகைமேல் அது நடக்கிற காரியமா? இன்டெலின் ஃபோவெரோஸ் முறை பலகையின் இடத்தில் இன்னொரு சிலிக்கானையே அடியில் விரித்து இதைத் தாண்டியது. இரண்டும் ஒரே அளவில் விரியும், ஒரே அளவில் சுருங்கும். 2023 டிசம்பரில் வந்த மீட்டியோர் லேக் செயலியில் அந்த 36 மைக்ரான்தான் கணக்கு. தலைமுடியின் தடிமனில் பாதி.

இப்படி ஒட்டுவதற்கான பெரிய கூடத்துக்காகத்தான் மலேசியாவில் 3,000 கோடி ரிங்கிட் முதலீடு என்று இன்டெல் 2021 டிசம்பரில் அறிவித்தது. இடம், பினாங்கு. ஏஎம்டி தன் பினாங்குக் கூடத்தின் 85 சதப் பங்கை 2016இல் சீனாவின் நான்டோங் ஃபுஜிட்சு நிறுவனத்துக்கு விற்றாலும், அதன் செயலிகள் இங்கே பொதியப்படுவது நிற்கவில்லை. எத்தனை துண்டு, எவ்வளவு நெருக்கம், எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்பதை வரைகிறவர், ஒட்டுகிறவரைக் கேட்காமல் இப்போது கோடு போட முடியாது. அந்தக் காலத்தில் மதர்போர்டு வரைந்தவர் எதிரொலிக்குப் பயந்தார். இன்று அதே பயம் குமிழ் வைக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

போன வருடம் பழுதான செயலி ஒன்றின் மூடியை நெம்பி எடுத்து, உள்ளே இருந்த சில்லையும் பெயர்த்து அத்தையிடம் காட்டினேன். பழைய பழக்கத்தில் பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். ஓரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கம்பி எங்கடா?"

கம்பி இல்லை அத்தை, ஈயம்தான், அடியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்று சில்லைத் திருப்பிக் காட்டினேன். மணல்போல் மினுங்கியது.

"வெள்ளீயமா? நம்ம ரோட்டு ஆலையில உருக்குவாங்களே, அதா?"

அதேதான். கிந்தா பள்ளத்தாக்கிலிருந்து வந்த தாதுவை உருக்கிய ஈய ஆலை டத்தோ கிராமாட் சாலையில் ஒரு நூற்றாண்டுக் காலம் இருந்தது. இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் அதே இடம். அத்தை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணருகே கொண்டுபோய், ஒரு மூலையிலிருந்து வரிசையாகக் குமிழ்களைப் பார்க்க ஆரம்பித்தார். நான்காவது வரிசையில் நிறுத்தி, "இங்க ஒண்ணு விட்டுப்போயிருக்கு பாரு" என்றார்.